செயலாளர் ஆண்டறிக்கை: சம்டர் கவுண்டியின் கல்லறைகள்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவும் சித்திரைத் திருநாளும் குறைவில்லாமல் நடந்தன. தமிழ் வகுப்பு ஞாயிறுதோறும் நடக்கிறது. செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த அறிக்கையின் பெரும்பகுதி, போன பொதுக்குழுவில் நெடுநேரம் பேசி நிறைவேற்றிய அந்த ஒரு தீர்மானத்தைப் பற்றியது. நாம் பிழைக்க வந்து வேரூன்றிவிட்ட அமெரிக்காவின் இந்தத் தென்மேற்கு ஜார்ஜியாவில், சம்டர் கவுண்டி (மாவட்டம்) மண்ணில் உறங்கும் வரலாற்று மனிதர்களின் கல்லறைகளைப் பிள்ளைகளோடு நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். "சின்னப் பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப் போவார்களா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டது நினைவிருக்கும். அவர்கள் சொன்னதை மதித்து, பகலில் மட்டுமே போனோம். வீடு திரும்பியதும் குளித்த பிறகுதான் சாப்பாடு. விழுந்த வீரனுக்கு நடுகல் நட்டுப் பூச்சூட்டிய மரபில் வந்தவர்கள் நாம் என்று அன்று ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் எதிர்க்கவில்லை.

முதல் பயணம் அமெரிக்கஸ் ஊரின் ஓக் குரோவ் கல்லறைத் தோட்டத்துக்கு. அமெரிக்க மக்களவையின் சபாநாயகராக 1891 முதல் 1895 வரை இருந்த சார்லஸ் ஃபிரடெரிக் கிரிஸ்ப் இங்கேதான் இருக்கிறார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1845இல் பிறந்து, கைக்குழந்தையாக ஜார்ஜியாவுக்கு வந்தவர். பக்கத்திலுள்ள கிரிஸ்ப் கவுண்டிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஐ-75 சாலையில் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறோம், யார் என்று கேட்டதில்லை. ஜனாதிபதி கார்ட்டரின் அட்டர்னி ஜெனரலாக இருந்த கிரிஃபின் பெல் அமெரிக்கஸிலேயே பிறந்தவர், 2009இல் மறைந்தார். அவரும் இதே தோட்டத்தில்தான்.

இரண்டாவது, ஆண்டர்சன்வில். சம்டர், மேக்கன் கவுண்டிகளின் எல்லையில் இருக்கும் அந்த இடத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேச எனக்கு வரவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864 பிப்ரவரியிலிருந்து சுமார் 14 மாதங்கள் அங்கே இயங்கிய தென்தரப்புச் சிறையில் ஏறக்குறைய 45,000 வடதரப்புப் படைவீரர்கள் அடைபட்டார்கள். அவர்களில் 13,000 பேரளவில் மாண்டார்கள். வயிற்றுப்போக்கு, சீதபேதி, காய்கறி கண்ணில் படாததால் வந்த ஸ்கர்வி. 1864 ஆகஸ்டில் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 100 உயிர். சவப்பெட்டி கிடையாது, பள்ளம் வெட்டி, தோளோடு தோள் வைத்து மூடினார்கள். அதனால்தான் கற்கள் ஒன்றையொன்று தொட்டுவிடுகிற மாதிரி நெருங்கி நிற்கின்றன. நம் பிள்ளைகள் இரண்டு கல்லுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தார்கள். விரல் நுழைந்தது, உள்ளங்கை நுழையவில்லை.

ஆனாலும் அந்தக் கற்களில் பெயர் இருக்கிறது. அதற்குக் காரணம் 19 வயதுக் கைதி ஒருவர். டோரன்ஸ் அட்வாட்டருக்கு இறந்தவர் பட்டியல் எழுதும் வேலை கிடைத்தது. இந்தப் பட்டியல் ஊர் போய்ச் சேராது என்று சந்தேகப்பட்டு, ரகசியமாக இன்னொரு பிரதி எழுதி வைத்துக்கொண்டார். 1865 கோடையில் அந்தப் பிரதியோடு, போர்முனையில் காயம்பட்டவர்களுக்குச் சேவை செய்த கிளாரா பார்ட்டனும் படை அதிகாரிகளும் வந்து ஒவ்வொரு குழிக்கும் பெயர்ப் பலகை நட்டார்கள். ஆகஸ்ட் 17 அன்று பார்ட்டன் கொடி ஏற்றினார். பெயர் தெரியாதவர் என்று நின்றுபோன கல்லறைகள் 460 மட்டுமே. அத்தனை பேருக்கும் பெயர் மீட்டுத் தந்த அட்வாட்டர் இங்கே இல்லை. தூரத்து டஹிட்டித் தீவில் அடங்கியிருக்கிறார். சக கைதிகளைக் கொள்ளையடித்ததற்காக 1864 ஜூலை 11இல் தூக்கிலிடப்பட்ட அறுவரின் கற்கள் மட்டும் மற்றவர்களை விட்டு விலகித் தனியே நிற்கின்றன. அதைப் பார்த்த பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குப் பெற்றோர் வேனில் ஊர் வந்து சேரும்வரை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாவது, பிளெய்ன்ஸ். ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29இல், 100 வயதில் காலமானார். தாம் 1961இல் கட்டிய வீட்டுத் தோட்டத்திலேயே, குளக்கரையில், முந்தைய ஆண்டு மறைந்த மனைவி ரோசலினுக்குப் பக்கத்தில் அடக்கமானார். எல்லோரும் அறிந்த செய்தி. நாங்கள் அதிக நேரம் நின்றது ஊருக்கு வெளியே லெபனான் கல்லறைத் தோட்டத்தில், அவருடைய தாயார் லில்லியன் கார்ட்டரின் கல்லறை முன்னால். நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். கணவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 68ஆம் வயதில், அமைதிப் படை (Peace Corps) என்ற அமெரிக்க அரசின் தன்னார்வத் தொண்டு அமைப்பில் சேர்ந்து இந்தியா வந்தார். மும்பையை ஒட்டிய விக்ரோலியில் 1966 முதல் 1968 வரை, தொழுநோயாளிகள் உட்பட ஏழை மக்களுக்கு மருந்திட்டார். நம் உறுப்பினர் ஒருவரின் தாயார் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார், அவருக்கும் அதே 68 வயது. "இந்த வயசுல நான் பிள்ளை வீட்டுக்கு வரவே ஆயிரம் யோசிச்சேன். இந்தம்மா நம்ம ஊருக்கு ஊழியம் பண்ணப் போயிருக்காங்களே" என்றவர், கையோடு கொண்டுவந்திருந்த செவ்வந்திப் பூவை வைத்துக் கும்பிட்டார். சற்றுத் தள்ளி லில்லியனின் மகள் குளோரியா. ஹார்லி மோட்டார் சைக்கிள் பிரியர். 'ஹார்லி சொர்க்கத்தில் வண்டி ஓட்டுகிறாள்' என்ற பொருளில் அவர் கல்லில் எழுதியிருக்கிறது. பையன்களுக்கு அதுதான் பிடித்தது.

கடைசிப் பயணம் கொய்னோனியா பண்ணை. என்னைக் கேட்டால், இந்தக் கவுண்டியின் பெரிய கல்லறை இதுதான், அங்கே கல்லே இல்லையென்றாலும். விவசாயமும் கிரேக்க வேதாகமமும் படித்த கிளாரன்ஸ் ஜோர்டன் 1942இல் தொடங்கிய பண்ணை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே கூலி வாங்கினார்கள். 1950களின் நடுவில் ஊர் அவர்களை ஒதுக்கிவைத்தது. விதை, உரம், காப்பீடு எதுவும் கொடுக்க மாட்டோம் என்றார்கள். வீடுகளை நோக்கிச் சுட்டார்கள். சாலையோரக் கடையைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். பண்ணையில் இருந்தவர்கள் அசையவில்லை. பீக்கன் கொட்டையைத் தபாலில் விற்றுப் பிழைத்தார்கள். ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1969 அக்டோபர் 29இல், எழுதும் குடிசையில் ஜோர்டனின் உயிர் பிரிந்தது. மரண விசாரணை அதிகாரி பண்ணைக்கு வர மறுத்துவிட்டார். நண்பர் மில்லர்ட் ஃபுல்லர் உடலைத் தம் காரிலேயே ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போனார். சவப்பெட்டிகளை அனுப்பப் பயன்படும் சாதாரண மரப்பெட்டியில் வைத்து, குன்றின் மேல் பெயர்க்கல் இல்லாமல் புதைத்தார்கள். மண் மூடி முடிந்ததும் ஃபுல்லரின் இரண்டு வயது மகள் முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த ஒரே பாட்டான பிறந்தநாள் பாட்டைப் பாடினாள். ஃபுல்லரும் மனைவி லிண்டாவும் 1976இல் ஹேபிடேட் ஃபார் ஹியூமானிட்டியைத் தொடங்கினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் இலங்கையிலும் வீடு கட்டித் தந்த அமைப்பு அது. ஃபுல்லரும் 2009இல் இதே குன்றில் அடக்கமானார்.

பைன் சருகு மூடிய அந்தத் தரையில் நின்று எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "அங்கிள், அவர் எங்க இருக்கார்?" என்று கேட்டாள். காட்டக் கல் இல்லை. கதையைத்தான் சொன்னேன். நாகப்பட்டினத்தைச் சேர்ந்த அவள் அப்பா அன்று ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது பண்ணைக் கடையில் மூன்று பை பீக்கன் வாங்கினார்.

இந்த அனுபவத்தை வைத்துச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது. ஒன்று, பயணம் வந்த ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கல்லறையைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அவற்றைச் சிறு கைப்பிரதியாகத் தொகுப்பது. பெரியவர்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது, பிழை திருத்தினால் போதும். இரண்டு, வரும் ஆண்டிலும் பயணத்தைத் தொடர்வது. கொய்னோனியாவுக்கு அரை நாள் போதவில்லை, முழு நாள் வேண்டும். வெயில் தணிந்த நவம்பர் சனிக்கிழமை ஒன்றைக் குறிக்கலாம். வேன் ஓட்ட இரண்டு பேர் தேவை. பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்