இலுப்பையடியில நீ கேட்ட கேள்வி

எடியே,

கடைக்குள்ள நிழலா, வடிவா மரக்கறி அடுக்கி வச்சிருக்க, ஏன் ரோட்டோரம் வெயிலுக்க இருக்கிற அம்மாட்டையே வாங்குறாய் எண்டு வவுனியா இலுப்பையடியில வச்சு என்னைக் கேட்டனியெல்லே. அந்த நேரம் பாத்து பின்னால ஒரு லான்ட்மாஸ்டர் ட்ரக்டர் வந்து, ஓட்டோக்காரன் விலகுங்கோ விலகுங்கோ எண்டு கத்தி, உன்ர பாக்கும் யாரோ ஒராளின்ர சைக்கிள் ஹாண்டில்ல கொழுவுப்பட்டு, அந்தச் சத்தத்துக்குள்ள ஒரு பதிலும் சொல்லேலாமப் போச்சு. அதுதான் இப்ப ஆறுதலா எழுதுறன். உனக்கு மட்டும் வட்ஸ்அப்பில அனுப்பியிருக்கலாம், ஆனா உன்னை மாதிரி இதையே கேக்கிற ஆக்கள் கனபேர், அவையும் வாசிக்கட்டும்.

எங்கட அப்பா கத்தரி செய்தவர். விடியப்பறம் ரோச் லைட் பிடிச்சுப் புடுங்கி, உரப்பையில கட்டி, வெளிக்கிறதுக்கு முதல் சந்தைக்குக் கொண்டு போயிடுவார். அங்க நூறு கிலோ நிறுத்தா தொண்ணூறு கிலோவுக்குத்தான் காசு. மிச்சம் பத்துக் கிலோ ‘கழிவு’. இது எங்கட அப்பாவுக்கு மட்டும் நடந்ததில்ல, வடக்கில கனக்க சந்தையில நூற்றுக்குப் பத்துக் கழிவு எண்டது ஊரறிஞ்ச வழமை. மரக்கறி வாடும், எடை குறையும், பழுதாகும் எண்டு காரணம் சொல்லுவினம். வாடுறது உண்மைதான், யாவாரிக்கும் நட்டம் வரும், அதை நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா விடியப் புடுங்கின கத்தரிக்காய் எட்டு மணிக்குள்ள நூறில பத்து வாடுமே சொல்லு? தண்ணி இறைச்சதும் அப்பா, பசளை வாங்கினதும் அப்பா, மருந்தடிச்சதும் அப்பா, மழை பிழைச்சா அதுவும் அவரின்ர தலையிலதான். இதுக்குப் பிறகு அந்தப் பத்துக் கிலோவும் அவரின்ர கையாலதான் போகவேணுமெண்டா எனக்கு இண்டைக்கும் நெஞ்சு கொதிக்கும். கழிவு எடுக்கக்கூடாதெண்டு கூட்டம் வச்சுச் சொன்ன கதையெல்லாம் பேப்பரில வந்ததுதான். பேந்தும் கமக்காரர் அதைப்பற்றிக் கதைச்சுக்கொண்டுதான் இருக்கினம்.

இப்ப அந்த அம்மாவை யோசிச்சுப் பார். ஒரு உரப்பையைக் கிழிச்சு விரிச்சு, அதில பயித்தங்காய், நாலைஞ்சு பிடி முருங்கையிலை, கொஞ்சம் தேசிக்காய், ஒரு பூசணிக்காய் பாதி வெட்டி. மூடியில ஓட்டை போட்ட தண்ணிப் போத்தலால நிமிசத்துக்கு ஒருக்கா கீரைக்குத் தெளிச்சுக்கொண்டிருந்தவ. அது முழுக்க அவவின்ர வளவுச் சாமான். அவவுக்கும் எனக்கும் நடுவில ஆருமில்ல, கழிவுமில்ல. நான் குடுக்கிற காசு நேர அவவின்ர மடிக்குள்ள போகுது. நீ முப்பது ரூபா குறைக்கச் சொல்லி நிண்டாய், அவ குறைக்கேல்ல, ஆனா கறிவேப்பிலை ஒரு பிடி அள்ளி சும்மா வச்சுவிட்டவ, கவனிச்சனியே? விலை பேச ஆசையெண்டா பஜார் வீதியில உடுப்புக் கடை எத்தினை கிடக்கு, அங்க போய் ஆசை தீரப் பேசு, நானும் பக்கத்தில நிண்டு சேந்து கதைக்கிறன். உரப்பை விரிச்சு இருக்கிற ஆக்களிட்ட வேண்டாம்.

நீ விரும்பி வாங்கின கரட், லீக்ஸ், கோவா எல்லாம் மலைநாட்டில விளைஞ்சு தம்புள்ளைக்கு வந்து, அங்க இருந்து லொறியில ஏ9 ஆல, அதுதான் கண்டி-யாழ்ப்பாண ரோட்டால, மேல வாறது. அதைக் கொழும்பிலயும் வாங்கலாம். வன்னிக்கு வந்தா வன்னிச் சாமானைப் பாக்க வேணும். சட்டித் தயிர், குளத்து விரால், காட்டுத் தேன், உளுந்து, கச்சான். எல்லாத்துக்கும் மேல பாலைப்பழம்!

அதை நீ முதல் முதல் கண்டது அண்டைக்குத்தான் எண்டது எனக்கு இன்னும் நம்பேலாமக் கிடக்கு. சின்னச் சின்ன மஞ்சள் பழம், சுண்டால அளந்து பேப்பர் சரையில போட்டுத் தந்தினம், நீ நாலைஞ்சை ஒண்டா வாய்க்குள்ள போட்டிட்டு பால் பிசுபிசுத்து ரெண்டு சொண்டும் ஒட்டிப்பிடிச்சுக் கதைக்கேலாம நிண்டாய். சாப்பிட முதல் சொண்டில துளி தேங்காயெண்ணெய் பூசினா அவ்வளவா ஒட்டாது. பாலை ஒருத்தரும் தோட்டத்தில நட்டு வளக்கிற மரமில்ல பார், அது காட்டு மரம். வெயில் காலத்தில காட்டுக்குள்ள போய் யானை பாத்து, பாம்பு பாத்து, மரத்தில ஏறிக் கொப்பு முறிச்சுப் பொறுக்கிக்கொண்டு வாற பழம். அதை வித்த பொடியன் சொன்ன விலை கூட எண்டு நீ நினைச்சிருப்பாய், அவன் ஏறின மரத்தின்ர உயரத்தைக் கண்டா அப்பிடி நினைக்க மாட்டாய்.

இன்னொண்டும் கேட்டனி, நடைபாதையில ரோச் லைட்டும் பற்றரியும் குவிச்சு வச்சு வித்த அண்ணைக்குப் பக்கத்தில நான் ஏன் அவ்வளவு நேரம் நிண்டனான் எண்டு. சண்டைக் காலத்தில நாங்கள் வன்னிக்குள்ள, புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்தனாங்கள். அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. பற்றரிக்குத் தடை, சவர்க்காரத்துக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய் எண்டா யானை விலை குதிரை விலை. ஜாம் போத்தலுக்க கொஞ்சூண்டு எண்ணெய் விட்டு திரி வச்சுத்தான் படிச்சனாங்கள். சைக்கிளைக் கவிட்டு வச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவால ரேடியோவில செய்தி கேட்டவை எங்கட ஆக்கள். 2002ல ஏ9 திறந்த பிறகுதான் இதெல்லாம் தாராளமா உள்ள வந்தது. அந்தச் சாமானெல்லாம் தடுபட்டு நிண்ட வவுனியாவிலயே இண்டைக்குப் பற்றரி ரோட்டில குவிஞ்சு கிடக்கேக்க எனக்குக் கடந்து போக மனம் வராது. நான் ரெண்டு பற்றரி வாங்கினது தேவைக்கில்ல. சந்தோசத்துக்கு.

வவுனியாச் சந்தை எனக்குப் பிடிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஹொரவப்பொத்தானை ரோட்டால, மன்னார் ரோட்டால, யாழ்ப்பாணப் பக்கத்தால, அனுராதபுரப் பக்கத்தால எண்டு நாலு திக்கில இருந்தும் ஆக்கள் வந்து சேருற இடம். மீன் வித்த முஸ்லிம் நானா எங்களுக்குத் தமிழில விலை சொல்லி, அடுத்த நிமிசமே பக்கத்தில நிண்ட மனிசிக்குச் சிங்களத்தில சொல்லி, மிச்சக் காசை ரெண்டு பேருக்கும் பிழையில்லாம எண்ணிக் குடுத்தவர்.

நடக்க இடமில்ல எண்டு நீ புறுபுறுத்ததும் நியாயம்தான். ரோட்டோர யாவாரத்தை எழுப்ப வேணுமெண்டு அடிக்கடி பிரச்சினை வரும், பிள்ளையளோட நடக்கிற ஆக்களுக்கும், வயசு போன ஆக்களுக்கும் கரைச்சல் உண்மை. ஆனா எழுப்பிறதெண்டா ஆக்கள் நடந்து வந்து பாக்கக்கூடிய ஒரு இடத்தை முதல் குடுத்திட்டு எழுப்ப வேணும், சனம் போகாத மூலையில கட்டிடம் கட்டிக் குடுத்தா அந்தக் கீரை பின்னேரம் மாட்டுக்குத்தான் போகும்.

அடுத்த முறை மாசியில வா. காலபோக நெல்லு வெட்டி முடிஞ்சிருக்கும், புது அரிசியும் புது உளுந்தும் வந்திருக்கும், பனங்கிழங்கும் கிடைக்கும். இரவே வெளிக்கிட்டு வா, விடிய ஸ்டேஷனடியில ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு நேர சந்தைக்குப் போவம். அந்தத் தோள் பாக்கை விட்டிட்டு ரெண்டு பெரிய துணிப் பை கொண்டு வா, மாத்தின காசும் கொண்டு வா, விடியக் காலமை ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினா அந்த அம்மாக்கள் மிச்சத்துக்கு எங்க போறது.

அன்போட,
உன்ர சிநேகிதி