மதியக் கச்சேரிக்கு வா

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது ஒத்திகைக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். சென்னையில் டிசம்பர் கச்சேரி சீசன் நெருங்கிவிட்டால் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாததா. இன்று காலையிலிருந்து விடாத மழை, ஒத்திகையும் ரத்து, சரி என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். டிசம்பர் 24லிருந்து நான்கு நாள் லீவு போட்டிருக்கிறாய், யார் யார் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றே ஒன்று எடு. மியூசிக் அகாடமியில் ஒரு மாலை, உன் மனசுக்குப் பிடித்த சீனியர் ஒருவர், அது போதும். மற்ற மூன்று நாளும் மாலையை விட்டுவிட்டு மதியத்துக்கு வா. பன்னிரண்டு மணிக்கும் ஒன்றே முக்காலுக்கும் மேடை ஏறுகிற பிள்ளைகளைக் கேள். பல சபாக்களில் அந்த நேரத்துக்கு டிக்கெட்டே கிடையாது, நேராகப் போய் உட்கார்ந்துவிடலாம். மிருதங்கத்துக்குத் துணையாகக் கடம் என்ற மண்பானை வாசிக்கிற உபபக்கவாத்தியக்காரன் நான் இப்படிச் சொல்வது உனக்கு ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் மதியக் கச்சேரியில் முதலில் வெட்டுப்படுவது கடம்தான். இந்த வருஷமே ஒரு சபாவில் இரண்டு மதியக் கச்சேரிக்குத் தேதி கொடுத்துவிட்டுப் போன வாரம் போன் செய்து, "மிருதங்கம் மட்டும் போதும்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டோம் சார்" என்றார்கள். அந்தத் தேதிகளை நம்பி ஒரு திருமணக் கச்சேரியை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனாலும் மதியத்துக்கு வா என்றுதான் சொல்வேன்.

போன மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சின்ன ஹால், கூட்டம் நாற்பது பேர் இருக்கும், அதில் பத்துப் பேர் கேன்டீன் சாப்பாடு முடிந்து ஃபேன் காற்றுக்கு வந்து உட்கார்ந்தவர்கள். பாடின பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. இரண்டாவது உருப்படி முடிந்து பைரவி ஆலாபனையை ஆரம்பித்தாள், பாதியில் டப்பென்று மைக் போய்விட்டது. சவுண்ட் பையன் ஓடினான், வயரைப் பிடுங்கிச் சொருகினான், ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் நிறுத்தவில்லை. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், குரலை ஏற்றவும் செய்யாமல், கொஞ்சம் நிதானித்து அப்படியே மேல் ஸ்தாயிக்குப் போனாள். வயலின் வாசித்த பையன் வில்லின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். கூட்டம் தானாக அடங்கியது. பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது வரிசையில் மஃப்ளர் சுற்றிய ஒரு பாட்டி கிருதி முழுக்க மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரட்டித்துப் போடுகிற இரண்டு களை, ஒரு இடத்திலும் பிசகவில்லை. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி வந்தபோது மைக் இன்னும் வரவில்லை. மிருதங்கப் பையன் தொப்பியை, அதாவது இடது பக்கத்தை, மெதுவாக வாசித்து எனக்கு இடம் விட்டான், நான் பானையின் கழுத்தில் விரல் நுனியால் மட்டும் வாசித்தேன், அது கடைசி நாற்காலி வரை போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தது. என் கடத்தின் உண்மையான நாதத்தை ஒரு சபா மேடையில் பல வருஷத்துக்குப் பிறகு நானே அன்றைக்குத்தான் கேட்டேன் மாப்ளே. கண் கலங்கிவிட்டது.

மாலைக் கச்சேரியில் இது கிடைக்காது. பெரிய ஹால், ஆயிரத்துக்கும் மேல் நாற்காலி, ஒலிபெருக்கி இல்லாமல் முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் நடப்பது என்ன? பாடகர் தன் குரல் தனக்குக் கேட்க மேடையில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கரைக் கூட்டச் சொல்வார், அது அதிகமானதும் வயலினுக்கு அவருடைய சத்தம் அவருக்கே கேட்காது, அவரும் கூட்டச் சொல்வார், பிறகு மிருதங்கம், கடைசியில் நான். முதல் உருப்படி முடிவதற்குள் எல்லாருடைய கையும் மேலே தூக்கிக் காட்டியபடியே இருக்கும். மண்பானைக்கு உள்ளே இருக்கிற ஆழம் எல்லாம் போய்த் தகரத்தைத் தட்டுவது மாதிரி ஆகிவிடும். ஏசி குளிரில் மிருதங்கத்தின் ஸ்ருதி வேறு நகர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கல்லை எடுத்துத் தட்டிச் சேர்க்க வேண்டும். தனி ஆரம்பித்ததும் கூட்டம் எழுந்து வெளியே போவது ஒரு பக்கம். அது என்னைப் பாதிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் உட்கார்ந்து, மூன்று மூன்றாகப் போகிற திஸ்ர நடையில், மாறி மாறிச் சுருக்கிக்கொண்டே வருகிற குறைப்பு வாசித்து, முடிப்புக் கணக்கான மோராவும் கோர்வையும் சேர்ந்து இறங்கும்போது முதல் வரிசை காலியாக இருந்தால் கை தளர்ந்துதான் போகிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், நாம் கும்பகோணத்தில் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் கற்றபோது மைக் என்ற பேச்சே கிடையாது. சக்தி என்ற ஃப்யூஷன் இசைக் குழுவின் கேசட்டை ரீவைண்ட் பண்ணிப் பண்ணி, அதில் விக்கு விநாயக்ராம் சார் கடம் வாசித்ததை நீ வாயால் சொல்லுவாய், நான் தொடையில் தட்டுவேன். அதைக் கேட்டுத்தான் மிருதங்கத்தை உன்னிடம் விட்டுவிட்டு நான் பானைக்கு வந்தேன். கேசட்டில் கேட்டதைவிட அவரை ஒரு சின்னக் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் கடம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது.

பானை என்றதும் ஞாபகம் வருகிறது, ஐப்பசியில் கடம் செய்கிற மானாமதுரைக்குப் போயிருந்தேன். பெண்கள் பாடும் ஐந்து, ஐந்தரை கட்டை ஸ்ருதிக்கு என்னிடம் நல்ல கடம் இல்லாமல் இருந்தது. மிருதங்கத்தைத் தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், எனக்கு அந்த வசதி கிடையாது, சூளையில் வெந்து வரும்போது என்ன ஸ்ருதியோ அதுதான் வாழ்நாள் முழுக்க. உள்ளே கொஞ்சம் களிமண் ஒட்டி இம்மியளவு நகர்த்தலாம், அவ்வளவே. அதனால் கட்டைக்கு ஒரு பானை. அந்த வீட்டு அம்மா வரிசையாக வைத்திருந்ததை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தேன். பதினொன்றாவது பானையில் கழுத்தும் வயிறும் ஒரே ஸ்ருதியில் பேசின. நான் சொல்வதற்கு முன்பே அந்த அம்மா, "இதுதான் உங்களுக்கு" என்று தனியாக எடுத்து வைத்துவிட்டார். மடியில் வைத்துப் பஸ்ஸிலேயே கொண்டுவந்தேன். மெட்ராஸ் பானை இலேசு, வேகத்துக்குக் கை வலிக்காது, ஆனால் மானாமதுரை மண்ணின் அந்தக் கணீர் அதில் வராது. 2023இல் மானாமதுரை கடத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வீடுகளுக்கு இன்னும் நாலு பேர் தேடி வந்தால் சந்தோஷம்.

உன் மகள் எதற்காக எல்லாக் கச்சேரியும் டிசம்பரிலேயே நடக்கிறது என்று கேட்டாள் என்று எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. 1927 டிசம்பரில் மெட்ராஸில் காங்கிரஸ் மாநாடு நடந்தது, அதோடு சேர்த்து ஓர் இசை மாநாடும் வைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி உருவானது, டிசம்பர் மாநாடும் கச்சேரிகளும் வழக்கமாகிவிட்டன. மற்ற சபாக்களும் அந்த மாதத்தையே பிடித்துக்கொண்டன. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கும் மூத்தது, 1900இலேயே வந்துவிட்டது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஒரு நாள் அதிகாலை மயிலாப்பூர் மாட வீதியில் பஜனை காட்டுவேன், பாபநாசம் சிவன் வழிநடத்திய மரபு, குளிரில் பாடிக்கொண்டே கோயிலைச் சுற்றுவார்கள். மேடை, மைக், டிக்கெட் எதுவும் கிடையாது.

உனக்குத் தேவாரம் பிடிக்கும், அதனால் ஒரு நாளைப் பாரிமுனைக்கு ஒதுக்கு. ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடக்கும், 1943லிருந்து இருக்கிற சங்கம். தமிழ்ப் பாட்டு, ஓதுவார்கள், நாதஸ்வரம், பண் ஆராய்ச்சி என்று அந்த விழாவின் முகமே வேறு. மயிலாப்பூர் ரசிகர்கள் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை, எனக்கு அதில் ரொம்ப நாளாக மனக்குறை. லஸ் பக்கம் ராகசுதா ஹாலுக்கும் ஒரு நாள் போவோம், அங்கே மேடைக்கும் உனக்கும் நடுவில் ஐந்தாறு வரிசைதான், வயலின்காரர் மூச்சு விடுவது கேட்கும். ஜனவரி முதல் ஞாயிறு வரை இருக்க முடிந்தால் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக் இல்லாமலே காலைக் கச்சேரி ஒன்று நடக்கும், காக்கை சத்தத்துக்கு நடுவே. உனக்கு லீவு கிடைக்காது, தெரியும், சும்மா சொல்லி வைத்தேன்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. மதிய மேடையில் கையில் கிடைப்பது ஆட்டோ செலவுக்கே சரியாக இருக்கும், சில இடங்களில் அதுவும் இல்லை. பணம் கொடுத்து மேடை வாங்குகிறார்கள் என்ற பேச்சும் வருஷா வருஷம் வருகிறது, எனக்கு அது வயிற்றைப் பிசைகிறது. ஆனால் கையில் காசு இல்லாமல், பின்னால் ஆளும் இல்லாமல் வருகிற பையன்கள் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக வருஷம் முழுக்கச் சாதகம் பண்ணியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்திரமான உருப்படி என்று எதுவும் இன்னும் சேரவில்லை, அதனால் எதையும் ஒப்புக்கு வாசிப்பதில்லை. தப்பு வரும், சில இடத்தில் கோர்வை சமத்துக்கு, தாளம் தொடங்குகிற இடத்துக்கு, சேராமல் தொங்கும், பரவாயில்லை. எதிரே உட்கார்ந்து தாளம் போட ஒரு ஆள் இருந்தால் அடுத்த ஆவர்த்தனத்திலேயே எழுந்துவிடுகிறார்கள். நீ நன்றாகத் தாளம் போடுவாய். வாசிக்கிறவன் எந்தக் கணக்கில் போகிறான் என்று உன் முகத்திலேயே தெரியும், அது மேடையில் இருக்கிற பையனுக்கு எவ்வளவு பெரிய தைரியம் தெரியுமா.

26ஆம் தேதி மதியம் பன்னிரண்டுக்கு எனக்கு ஒரு கச்சேரி உறுதி. புதுப் பானை, ஐந்தரை கட்டை, பாடுவது மேலே சொன்ன அதே பெண். முதல் வரிசை வேண்டாம், மூன்றாவது வரிசையில் இடது ஓரம் உட்கார், அங்கேதான் ஸ்பீக்கரைத் தாண்டி என் கை நேராகக் கேட்கும்.

அப்புறம் உன் மிருதங்கம். வலது பக்கத் தோலான வலந்தலை கிழிந்து பரணில் கிடக்கிறது என்று எழுதியிருந்ததைப் படித்து ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லை. மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், தோல் மூட்டு மாற்றி, நடுவில் கறுப்புச் சாதம் போட்டு, வார் பிடித்துத் தருவார். டிசம்பர் பிறந்துவிட்டால் அவர் கையில் இருபது வாத்தியம் வரிசையில் நிற்கும், அதனால் இந்த வாரமே பார்சல் சர்வீஸில் போட்டு அனுப்பு. தொப்பிப் பக்கம் உறையோடு ஒரு பழைய போர்வையைச் சுற்றிக் கட்டு, மழையில் நனையாமல் மேலே பிளாஸ்டிக் உறை போடு. நீ வருவதற்குள் தயாராக வாங்கி வைத்துவிடுகிறேன். 27ஆம் தேதி எனக்குக் கச்சேரி எதுவும் இல்லை, வீட்டிலும் யாரும் இல்லை, தொப்பியில் பூச ரவை மட்டும் வாங்கி வைத்தால் போதும்.

உன்,
பழைய தோழன்