முன் கொட்டில் தறப்பாள் அளந்தாச்சு மச்சான்

அன்பு மச்சான்,

உன்ர மெசேஜ் கிடைச்சது, போனில பதில் அடிக்கத் தொடங்கினா முடியாது எண்டு தெரியும், அதான் ஆறுதலா இருந்து கடிதமாவே எழுதுறன். நல்லூர்த் திருவிழா முடிஞ்சு ஊர் கொஞ்சம் ஓய்ஞ்சு போய்க் கிடக்கு. வெயில் இன்னும் குறையேல்ல, எண்டாலும் ஐப்பசி பிறந்தா வாடைக்காத்தும் மழையும் சேர்ந்து வந்திடும். என்ர மகள் ஏ.எல். படிப்போட நிக்கிறாள், வீட்டில ரீவி போட விடுறாளில்ல.

உன்ர அம்மாவைப் போய்ப் பாத்தன். முழங்கால் நோவைத் தவிர மற்றபடி சுகமா இருக்கிறா, வரேக்க புழுக்கொடியல் கட்டித் தந்து விட்டவா. காலமையில முன் கொட்டிலில கதிரையப் போட்டுக்கொண்டு றோட்டைப் பாத்தபடிதான் இருக்கிறா, அதால கொட்டில் கூரைக்குப் புதுத் தறப்பாள் போடுற விசயத்தை மழைக்கு முதல் முடிச்சுப் போடவேணும் மச்சான்.

நீ கேட்டிருந்தாய், கொட்டில் 12க்கு 18 அடிதானே, அதே அளவில கொழும்பில ஓடர் குடுக்கட்டோ எண்டு. குடுத்திடாத. 12க்கு 18 எண்டுறது கீழ நிலத்தில பைப் கால் நட்ட அளவு, தறப்பாள் நிலத்திலயோ கிடக்கப் போகுது, அது ஒரு பக்கத் தாழ்வாரத்தில இருந்து முகட்டுக்கு ஏறி மற்றப் பக்கம் இறங்குது. முகடு தாழ்வாரத்தை விட 3 அடி உயரம், அப்ப ஒரு சாய்வு 6 அடி 8½ இஞ்சி வருது, ரெண்டு பக்கமும் சேத்தா 13 அடி 5 இஞ்சி. உன்ர 12ஐ சொல்லியிருந்தா ரெண்டு பக்கமும் தாழ்வாரத்துக்கு எட்டாமலே நிண்டிருக்கும். மகன் ஏணியில நிக்க நான் ரேப்பை பைப்போட ஒட்டி இழுத்து முகட்டுக்கு மேலால விட்டு அளந்தனான், கணக்குப் போட்டதும் அளந்ததும் ஒத்து வந்தது. துணி ரேப்பால மட்டும் அளக்கக் கூடாது மச்சான், அது பழசானா இழுபட்டுப் போடும், இரும்பு ரேப் தான் வேணும். அந்த ரேப் நுனியில இருக்கிற கொக்கி கொஞ்சம் ஆடும், கனபேர் அது பழுது எண்டு நினைச்சு அடிச்சு இறுக்கிறவங்கள். கொக்கியை வெளியால கொளுவி இழுத்தாலும் உள்ளுக்குச் சுவரில முட்டக் குடுத்தாலும் அதின்ர தடிப்பு அளவில சேராமல் இருக்கத்தான் அதை அப்பிடி ஆடவிட்டு வைச்சிருக்கு.

பழைய தறப்பாளையும் கழட்டி முற்றத்தில விரிச்சுப் பாத்தனாங்கள். சும்மா விரிச்சா ஒரு அளவு, ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தா இன்னொரு அளவு, வெயிலில இளகி கயிறு கட்டுற வளையம் அடிச்ச இடமெல்லாம் நாக்கு மாதிரி வெளிய நீட்டிக்கொண்டு நிக்குது. அதை வைச்சுப் புதுசு தைக்கக் குடுத்தா அந்தக் கோணலையும் சேத்துத்தான் தைச்சு அனுப்புவாங்கள். ஆனா பழசு ஒண்டுக்கு உதவும், எங்க தேய்ஞ்சிருக்கு எண்டு காட்டும். முகட்டு நீளத்துக்கும் றோட்டுப் பக்கத்து ரெண்டு மூலையிலயும்தான் கிழிஞ்சிருக்கு, அந்த இடங்களில ரெட்டையாப் போட்டுத் தைக்கச் சொல்லு.

இனி முக்கியமான விசயம். மூலைக்கு மூலை குறுக்கால தாழ்வாரப் பைப்பில அளந்து பாத்தா ஒண்டு 21 அடி 4 இஞ்சி, மற்றது 21 அடி 11 இஞ்சி. சதுரமா நிண்டா ரெண்டும் ஒண்டாத்தான் இருக்கவேணும். 7 இஞ்சி வித்தியாசம் எண்டா சட்டம் ஒரு பக்கமாச் சரிஞ்சு, முன் பைப் கிட்டத்தட்ட 6 இஞ்சி ஒதுங்கியிருக்கு. மாங்கொப்பு முறிஞ்சு விழுந்ததில வந்திருக்கவேணும் எண்டு அம்மா சொல்லுறா. நாலு பக்கமும் தனித்தனிய அளந்தா இது பிடிபடாது, பக்க அளவுகள் எல்லாம் சரியாத்தான் காட்டும். வெல்டிங் பெடியன் கம்பி போட்டு இழுத்து நேராக்கித் தாறன் எண்டவன், அதை முதல் செய்விப்பம், பிறகு ஒருக்கா அளந்து பாத்திட்டுத்தான் காசு கட்டு.

சாரல் அடிக்காமல் இருக்க ரெண்டு தாழ்வாரத்திலயும் அரையடி, முன்னுக்கும் பின்னுக்கும் அரையடி வெளிய விட்டா முழு அளவு 14 அடி 5 இஞ்சிக்கு 19 அடி. இதை 14.5 எண்டு எழுதிப்போடாத, 14.5 எண்டா 14 அடி 6 இஞ்சி, அவங்கள் அப்பிடித்தான் வாசிப்பாங்கள். மீற்றரில கேட்டா 4.39க்கு 5.79. இன்னொண்டு கட்டாயம் கேள், தைச்சு முடிஞ்ச அளவோ வெட்டின அளவோ எண்டு. பக்கற்றில வாற ரெடிமேட் தறப்பாளில கனக்க வெட்டின அளவைத்தான் போடுறவங்கள், ஓரம் மடிச்சுத் தைச்சாப் பிறகு குறைஞ்சு போகும். எங்களுக்கு வேண்டியது முடிஞ்ச அளவு.

வளையத்துக்கும் அளவு குடுக்கவேணும். ஒரு மூலையில இருந்து தொடங்கி ஒவ்வொரு வளையத்தின்ர நடுவுக்கும் அந்த மூலையில இருந்தே அளந்து குறிச்சிருக்கிறன், ஒண்டில இருந்து அடுத்ததுக்கு எண்டு அளந்துகொண்டு போனா சின்னப் பிழையள் சேர்ந்து கடைசி வளையம் பைப் காலுக்கு மேல வந்து நிக்கும். இரும்பு வளையம் வேண்டாம், எங்கட உப்புக் காத்துக்குக் கறள் பிடிச்சு துணியையும் சேத்து அரிச்சுப்போடும், பித்தளை கேள்.

தடிப்பு விசயத்தில கொஞ்சம் யோசி. லொறிக்குப் போடுற பி.வி.சி. படங்கு 600 ஜி.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு 600 கிராம்) அளவில இருக்கும், எங்கட அளவுக்கு 15 கிலோ கிட்ட வரும். மெல்லிய நீலத் தறப்பாள் 100 ஜி.எஸ்.எம். எண்டா ரெண்டரைக் கிலோதான், ஆனா எங்கட வெயிலுக்கு அது கனகாலம் தாங்காது. சட்டத்தை நேராக்கினா 15 கிலோவைத் தாங்கும், அதால தடிச்சதையே எடு. காசு கூடத்தான், எண்டாலும் அம்மாவுக்காகச் சொல்லுறன். 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால சனத்தோட சனமா நடந்து போய்த் தென்மராட்சியில தறப்பாளுக்குக் கீழ கிடந்தது உனக்கும் மறந்திருக்காது, அந்த மாரி முழுக்க ஒழுக்குக்குச் சட்டி வைச்சுக்கொண்டு எங்களைக் காய்ஞ்ச பக்கத்தில படுக்க விட்டவா. இப்பவும் ஒரு சொட்டு விழுந்தா எழும்பிப் போய்ப் பாக்கிறா. அவாக்கு மேல ஒழுகக் கூடாது மச்சான்.

கடைக்காரனிட்ட முதல் ஒரு கீறின படம் கேள், பக்கங்களும் வளையங்களும் அளவோட இருக்கவேணும். அதை எனக்கு அனுப்பு, நான் கொட்டிலடியில நிண்டு ஒவ்வொண்டாச் சரிபாத்துச் சொல்லுறன், அதுக்குப் பிறகு முற்பணத்தைக் கட்டு. அம்மாவோட ஞாயிற்றுக்கிழமை கதை, சட்டம் நேராக்கிற கூலியை நான் குடுக்கிறதுக்கு அவா விடுறாவில்ல, நீதான் சொல்லவேணும்.

அன்புடன்
உன்ர கூட்டாளி