கட்டுத்தரை வீடு

அன்புள்ள அம்மிணிக்கு,

போனில் நீ அழ ஆரம்பித்ததும் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். எங்களை யாரும் கட்டுத்தரைக்குத் துரத்தவில்லை. "எங்கம்மா அப்பாவ மாட்டுக்கொட்டாய்லயா போடறீங்க?" என்று அண்ணியிடம் கேட்டாயாமே. பாவம், இரண்டு நாளாக அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கட்டுத்தரையை வீடாக்கி நாங்கள் இரண்டு பேரும் குடி போகும் யோசனை என்னுடையது.

மாடுகளை விற்று மூன்று வருஷமாகிறது. இப்போது அங்கே குடியிருப்பது உரச்சாக்கும் எலிகளும்தான். பெரிய வீட்டில் வாசலுக்கு நாலு படி, கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில். ராத்திரி உன் அம்மா எழுந்தால் நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு எழ வேண்டும். அவள் முட்டிக்கு அந்தப் படி இனி ஆகாது.

கட்டுத்தரை 20க்கு 12, ஆக 240 சதுர அடி. இரண்டு பேருக்கு ஏன் பத்தாது? மேலே கிடப்பது உன் தாத்தா போட்ட சீமை ஓடு, தட்டினால் இன்னும் கணீரென்கிறது. அதைப் பிரித்துத் தகரம் போடச் சொன்னார் மேசன். சித்திரை மத்தியானத்தில் அவரைத் தகரத்துக்குக் கீழே படுக்க வைக்க வேண்டும். கரையான் தின்ற பனங்கை இரண்டை மட்டும் மாற்றுகிறோம்.

பாடுபடுத்துவது தரையும் சுவரும்தான். மூத்திரம் வடிய வேண்டுமென்று 12 அடிக்கு மூன்று அங்குலம் வாட்டம் விட்டுக் கல் பாவியிருக்கிறது. கட்டில் போட்டால் தலை ஒரு பக்கம் இறங்கிவிடும். கல்லைப் பெயர்த்து, அடியில் இருந்த அரையடி மண்ணை வெட்டித் தென்னைக்குப் போட்டேன். இத்தனை வருஷ எருவைக் காலடியில் வைத்துக்கொண்டா கடையில் உரம் வாங்கினேன் என்று சிரிப்பு வந்தது.

சுவரோ, மூத்திரத்தைக் குடித்துக் குடித்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. மேலே சிமெண்டைப் பூசி மூடிவிடலாம் என்றார்கள். மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, கழுவி, இந்த வெயில் முழுக்கக் காயவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசப்போகிறேன். அவசரமில்லை. ஆடியில் குடி போகக் கூடாது, ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம்.

கக்கூஸ் அறையோடு சேர்ந்தே வருகிறது. படி கிடையாது, கதவு மூன்றடி அகலம், பிடித்து எழக் கம்பி. செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி கிணற்றுக்கு 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பதால் அதை மேற்குப் பக்கம் தள்ளிவிட்டேன். கரண்ட், வீட்டு மீட்டரிலிருந்துதான். மோட்டார் சர்வீஸிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிடுங்கள் என்று உன் அண்ணன் சொன்னான். வெள்ளாமைக்கு இலவசமாகக் கொடுக்கிற கரண்டில் நான் ஃப்ரிட்ஜ் ஓட்டுவதா?

உன் அம்மா முதலில், "மாடு கட்டின எடத்துல மனுசன் படுக்கறதா?" என்றாள். இப்போது தனி அடுப்பு வேண்டும் என்கிறாள். எனக்குப் பயம் அதில்தான். இரண்டு அடுப்பு எரிந்தால் பாகம் பிரிந்துவிட்டதாக ஊரே பேசும், உன் அண்ணி தலையில்தான் விடியும். டீ வைக்க ஒரு கரண்ட் அடுப்பு, சோறு பெரிய வீட்டில் என்று பேசி முடித்திருக்கிறோம். எத்தனை நாளைக்கு நிற்குமோ.

ஜன்னலில்தான் இன்னும் வழக்கு ஓடுகிறது. எனக்குக் கிழக்கே வேம்பைப் பார்த்து வேண்டும். அவளுக்குத் தெற்கே ரோட்டைப் பார்த்து, யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரிய வேண்டும். இரண்டும் வைத்துவிடலாம் என்கிறார் மேசன். காசு அவருடையது இல்லையே.

பணம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பிவிடுவேன். அண்ணிக்கு மட்டும் ஒரு போன் போடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போடு, அதற்கு முன்னால் பசங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா