எட்டிப் பார்க்காதது யார்?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழில் எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவரைப் பற்றிய செய்தி படத்தோடு வந்திருந்தது. "பெற்ற மகனே எட்டிப் பார்க்காத நிலையில், கூரை பறந்த லயத்து வீட்டில் உண்ண உணவின்றித் தவிக்கும் மூதாட்டியைக் கண்டு இணையவாசிகள் கொந்தளித்து வருகின்றனர்" என்று எழுதியிருந்தீர்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான இந்த லயத்தில், அந்தப் பாட்டியின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கை மரம்தான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கூரை பறந்தது உண்மை. அன்று சாயங்காலம் அடித்த காற்றில் பின்கட்டுத் தகரம் இரண்டு பிய்த்துக்கொண்டு போய்ச் செம்பனை மரத்தடியில் விழுந்தன. மறுநாள் காலையிலேயே கோயில் பையன்கள் வந்து தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். தகரம் வாங்க மகன் அன்றிரவே பணம் அனுப்பினான். அவன் ஜொகூர் பாருவில் குடியிருந்து தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். கூட வந்து இருக்கச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டான். மாரியம்மன் கோயிலை விட்டு வரமாட்டேன் என்று பாட்டிதான் பிடிவாதமாக இருக்கிறார். ராத்திரி எட்டரை மணிக்கு அவர் கைப்பேசி அடிக்கும். காது மந்தம் என்பதால் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். "சாப்பிட்டியாம்மா?" என்று அவன் கேட்பது என் அடுப்படிவரை கேட்கும். எட்டிப் பார்க்காத மகன் என்று நீங்கள் எழுதியது இவனைத்தான் ஐயா.

முகநூலில் பரவிய ஒரு காணொளியைப் பார்த்துத்தான் அந்தச் செய்தியைப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் காணொளியை எடுத்த தம்பி வந்த அன்று நான் கிளினிக்குக்குப் போயிருந்தேன். சமூகநலத் துறையிலிருந்து வந்தவர் என்று நினைத்துப் பாட்டி அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். அந்தத் தம்பி நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டுப் பாட்டியைத் தரையில் உட்காரச் சொல்லியிருக்கிறார். செத்துப்போன தாத்தாவைப் பற்றிக் கேட்டதும் பாட்டி அழுதிருக்கிறார். சத்தம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று மறுபடியும் கேட்டிருக்கிறார். மறுபடியும் அழுதிருக்கிறார். தாத்தாவுக்காக அழுத அழுகைக்குத்தான் சோக இசை போட்டு, மகன் கைவிட்டான் என்று எழுதினார்கள்.

என் பேத்தி அந்தக் காணொளியை எனக்குப் போட்டுக் காட்டினாள். இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன். "சாப்பிட ஒன்றுமில்லை" என்று பெரிய எழுத்தில் ஓடும் இடத்தில், ஓரமாக, சிமெண்டுத் தரையில் ஒரு கண்ணாடிக் குவளை தெரிகிறது. பாதி குடித்த மைலோ. வந்தவருக்குப் பாட்டி கலக்கிக் கொடுத்தது. அந்தக் குவளையை எனக்குத் தெரியும். விருந்தாளிகளுக்கென்று அவர் எடுத்து வைத்திருக்கும் ஆறு குவளைகளில் அது ஒன்று.

அந்தத் தம்பியைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அவரிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. உங்களிடம் எதிர்பார்த்தேன். ஒரு போன் போட்டிருந்தால் போதும். கோயில் அலுவலகத்தைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள், ஒட்டுக்கடையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். செய்தி வந்த மறுநாள் நானே உங்கள் அலுவலகத்துக்கு அழைத்தேன். பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். "காணொளியைப் பார்த்துத்தான் போட்டோம் அம்மா, முகநூலில் நிறையப் பேர் பகிர்ந்திருக்கிறார்கள்" என்றார். நிறையப் பேர் பகிர்ந்தால் அது நடந்ததாகிவிடுமா?

நான் ஆறாம் வகுப்புவரை தோட்டத்துப் பள்ளியில் படித்தவள். அப்புறம் இருபத்தெட்டு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். எங்கள் லயத்துக்குத் தமிழ் நேசன் பத்திரிகை ஒன்றே ஒன்று வரும். சாயங்காலம் பால் கொட்டகையிலிருந்து திரும்பியவர்கள் குளித்துவிட்டு வந்து வாசலில் உட்காருவார்கள். பத்து வயதில் நான்தான் வாசித்துக் காட்டுவேன். தப்பாக வாசித்தால் என் அப்பா கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் செய்தி எது, சொல்கிறவன் கூட்டிச் சேர்த்தது எது என்று காதாலேயே தெரியும். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போய், வாங்கியவர்கள் துண்டாடியபோது, நம் ஊர்க்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் நேரில் பேசித்தான் ஆள் சேர்த்தார். அப்பாவும் அதில் சேர்ந்தார். கைக்காசைக் கொடுக்க எப்படி மனசு வந்தது என்று ஒருமுறை கேட்டேன். "எதிரே நின்னு கேட்டாரு, நாங்க கேட்டதுக்கும் பதில் சொன்னாரு" என்றார் அப்பா.

தன் பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை. வானொலி நேயர் விருப்பத்துக்கு நாங்களும்தான் அஞ்சலட்டை எழுதிப் போட்டோம். பெயர் வாசித்த அன்று லயமே கொண்டாடும். ஆனால் அது எங்கள் பெயர், நாங்களே எழுதிக் கொடுத்தது. இந்தப் பாட்டி யாரிடமும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

பேத்தி ஈப்போவில் கணினி படிக்கிறாள். முகநூலில் எது மேலே வர வேண்டும் என்று ஆள் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை, கணக்கு போட்டு இயந்திரம்தான் செய்கிறது என்றாள். 2017இல் ஒரு விருப்பக் குறிக்கு ஒரு மதிப்பெண் என்றால், கோப முகத்துக்கு ஐந்து என்று அந்தக் கணக்கில் வைத்திருந்தார்களாம். அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் ஹௌகன் என்ற பெண் 2021இல் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் இதுவும் இருந்தது. அதற்குள் அவர்களே அதைக் குறைத்துக்கொண்டே வந்து 2020இல் கோப முகத்துக்கு மதிப்பே இல்லாமல் செய்துவிட்டார்கள். மனிதர்களைக் கோபப்படுத்தினால் கேடு வருகிறது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நீங்கள் இன்னும் "கொந்தளிப்பு" என்று தலைப்புப் போடுகிறீர்கள்.

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. முன்பு உங்கள் நிருபர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். தோட்டத் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, கருமக்கிரியை எல்லாவற்றுக்கும் வந்து, எழுத்துக்கூட்டிப் பெயர் கேட்டு எழுதிக்கொள்வார். அவர் நின்று எத்தனையோ வருஷமாகிறது, வேறு ஆள் போடவில்லை. வாசகர் கடிதப் பக்கம் அரைப் பக்கமாகி, அதுவும் சில வாரம் வருவதில்லை. அந்த இடத்தில் சென்னை நடிகையின் விவாகரத்து இருக்கிறது. முதல் பக்கத்தில் "அதிர்ச்சி!" என்று இருக்கும், உள்ளே படித்தால் அதிர ஒன்றுமில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கைப்பேசியில் என்னென்னவோ வந்தது, இஞ்சியும் மஞ்சளும் குடித்தால் நோய் அண்டாது என்றார்கள். அப்போதெல்லாம் நான் அக்கம்பக்கத்தாரிடம், "பேப்பரில் வரட்டும், அப்புறம் நம்புங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அதை எந்த வாயால் சொல்வேன்?

பொய்ச் செய்திகளைச் சரிபார்க்க அரசாங்கம் 2017இல் செபெனார்ஞா என்ற தளத்தைத் தொடங்கியது. ஒரு தோட்டத்துப் பாட்டியின் மகன் நல்லவனா கெட்டவனா என்று அங்கே யார் போய்க் கேட்பது? அதற்குத்தானே ஊர்ப் பத்திரிகை.

தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றது. கடைசி இதழை நான் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். உங்கள் பத்திரிகையும் நின்றுவிடக் கூடாது என்றுதான் கைப்பேசியில் படிக்கச் சொல்லிப் பேத்தி சொன்ன பிறகும் காசு கொடுத்து வாங்குகிறேன். காகித விலை, ஆள் பற்றாக்குறை எல்லாம் எனக்கும் தெரியும்.

செய்தியைப் பார்த்த மகன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் காரோட்டி வந்தான். கூட வேலை செய்கிறவர்களே அவனைக் கேட்டார்களாம். விடியற்காலை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். பாட்டிக்கு அவன் ஏன் வந்தான் என்றே புரியவில்லை. "நான் என்னடா சொன்னேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பேப்பரை நாங்கள் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. அதே பக்கத்தில், அதே அளவில், மகன் தாயைக் கைவிடவில்லை என்று ஒரு திருத்தம் போடுங்கள். உங்கள் முகநூல் பக்கத்திலும் போடுங்கள், அவனைத் திட்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பாட்டியின் படத்தை எடுத்துவிடுங்கள். முடிந்தால் ஒருவரை நேரில் அனுப்புங்கள். கோயிலைத் தாண்டி மூன்றாவது வீடு, புதுத் தகரம் போட்டிருக்கும். மதியம் பாட்டி தூங்குவார், நாலு மணிக்கு மேல் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
சுங்கை சிப்பூட், பேராக்.