டயர் விளக்கு எரிந்தால் ரீசெட் பொத்தானைத் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி விடுமுறை நெருங்கினால் கார்ப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "டயர் விளக்கு எரியுது, அதை எப்படி அணைக்கிறது?" டயரில் காற்று குறைந்தால் ஓட்டுநர் முன் எரியும் எச்சரிக்கை விளக்கைத்தான் சொல்கிறார்கள். காற்றை அளந்து பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இல்லை. ரீசெட் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதில்தான் கவனம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளைக் கடந்து மலேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடப்போகும் வண்டிக்கு இது ஆபத்தான பழக்கம்.

இந்த எச்சரிக்கை இரண்டு வகையில் வேலை செய்கிறது. ஒருவகைக் கார்களில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வால்வின் அடியில், காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்பும் சென்சார் இருக்கும். திரையில் நான்கு டயருக்கும் தனித்தனி எண் வந்தால் அது இந்த வகை. இன்னொரு வகையில் டயருக்குள் எதுவும் கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காகப் பொருத்தியிருக்கும் வேகச் சென்சார்களை வைத்தே கார் கணக்குப் போடுகிறது. காற்று குறைந்த டயர் சற்று அமுங்கி, மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும்; அந்த வித்தியாசம்தான் துப்பு.

ரீசெட் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்கு உரியது. அதை அழுத்துவது, "இப்போது இருக்கும் காற்றுதான் சரியான அளவு" என்று காருக்குச் சொல்லிக்கொடுப்பதாகும். 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கவேண்டிய டயர் 25இல் இருக்கும்போது அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தக் குறைந்த அளவிலிருந்து இன்னும் ஐந்தாறு பிஎஸ்ஐ இறங்கும்வரை கார் வாயே திறக்காது. முதலில் நான்கு டயருக்கும் காற்று, அதன் பிறகே ரீசெட். நான்கும் ஒரே சீராக இறங்கினால் இந்த வகையின் எளிய அமைப்புகளுக்கு அது தெரியவும் தெரியாது.

விளக்கு எரிவதே தாமதமாகத்தான். பரிந்துரைத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ போன பிறகே அது விழிக்கும். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு பிஎஸ்ஐ தானாகக் கசியும். குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "குளிரால் வந்தது" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஒரு பிஎஸ்ஐதான் குறையும். நம் ஊரில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசமே ஏறக்குறைய அவ்வளவுதான். மழை பெய்த காலையில் எரிந்து, பத்து நிமிட ஓட்டத்தில் அணைகிற விளக்கு பொய் சொல்லவில்லை. டயர் எல்லைக்கோட்டில் நிற்கிறது, அவ்வளவே.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் வில்லை சொல்லும். சில கார்களில் அது பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். இருவர் போகும்போது ஓர் அளவு, ஆட்களும் பெட்டிகளும் நிறைந்தால் வேறு அளவு என இரண்டு எண்கள் இருக்கலாம். மலேசியப் பயணத்துக்குப் பொருந்துவது இரண்டாவது. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட எண்ணை நிரப்பாதீர்கள், அது டயர் தாங்கும் உச்ச அளவு. மின்சாரக் கார்கள் எடை கூடியவை என்பதால் 36, சிலவற்றில் 42 பிஎஸ்ஐ வரைகூட கேட்கும். பெட்ரோல் நிலைய இயந்திரம் கிலோபாஸ்கல் என்ற அலகில் காட்டினால் 7ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 230 என்பது ஏறக்குறைய 33.

அளக்க வேண்டியது குளிர்ந்த டயரை, அதாவது மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில், காலையில், காற்றை அளக்கும் சொந்தக் கேஜ் வைத்துப் பார்ப்பதே நம்பகமானது. பெட்ரோல் நிலையம் சேர்வதற்குள் டயர் சூடாகி 2 முதல் 4 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். அங்கே வில்லை சொன்ன அளவில் நிறுத்தினால் மறுநாள் காலை குறைவாகவே இருக்கும். 3 பிஎஸ்ஐ கூடுதலாக அடித்துவிட்டு, மறுநாள் குளிர்ந்த நிலையில் சரிசெய்யுங்கள். சூடான டயரில் எண் கூடுதலாக இருக்கிறதே என்று காற்றைத் திறந்துவிடுவது பெரும் பிழை. குழாய் முனையை வால்வில் நேராக அழுத்துங்கள். "உஸ்" சத்தம் நிற்காவிட்டால் காற்று வெளியேதான் போகிறது. எல்லை தாண்டுமுன் முக்கால் டாங்க் பெட்ரோல் கட்டாயம் என்பதால் எப்படியும் நிலையத்துக்குப் போகிறீர்கள்.

அடித்த காற்று ஒரே சக்கரத்தில் மறுபடி இறங்கினால் கசிவு இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து வால்வின் வாய், வால்வின் அடிப்பகுதி, ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு, டயரின் தரைப்பகுதி என எல்லா இடத்திலும் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. வால்வின் உள்முனை தளர்ந்திருந்தால் இறுக்கினாலோ மாற்றினாலோ போதும், செலவு அற்பம். விளிம்பில் கசிந்தால் அலுமினிய ரிம் அரித்திருக்கலாம். டயரைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும். ஆணி குத்தியிருந்தால் அங்கேயே பிடுங்காதீர்கள், இருக்கிற காற்றும் போய்விடும். தரைப்பகுதியின் நடுவில் உள்ள சிறு துளையை அடைக்கலாம். தோள்பகுதியிலோ (தரைப்பகுதி முடியும் ஓரம்) பக்கச்சுவரிலோ இருந்தால் டயரையே மாற்றவேண்டும். "ஒட்டித் தருகிறேன்" என்பவரை நம்பவேண்டாம்.

கார் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டிவிட்டு, பிறகு நிலையாக எரிந்தால் கதை வேறு. அமைப்பிலேயே கோளாறு. சென்சாரின் பேட்டரி 5 முதல் 10 ஆண்டு தாங்கும். உள்ளே வைத்து மூடியிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த பழைய கார்களில் இது சாதாரணம். புதுச் சென்சாரைப் பொருத்தினால் அதைக் காரின் கணினியில் பதிவு செய்யவும் வேண்டும். சென்சார் இல்லாத மாற்றுச் சக்கரம் போட்டிருந்தாலும் இப்படிச் சிமிட்டும். சிறிய மாற்றுச் சக்கரத்துக்குப் பொதுவாக 60 பிஎஸ்ஐ வேண்டும், வேகம் 80ஐத் தாண்டக்கூடாது.

விரைவுச்சாலையில் விளக்கு எரிந்து, ஸ்டியரிங் ஒருபக்கம் இழுத்தாலோ தட்தட் சத்தம் கேட்டாலோ பிரேக்கை மிதிக்காமல் வேகத்தை மெல்லக் குறைத்து ஓரம் கட்டுங்கள். அங்கே டயர் மாற்றவேண்டாம். சிங்கப்பூர் விரைவுச்சாலை என்றால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துச் செல்லும்.

டயர்க் கடைகளுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்து அனுப்பாமல், வில்லையைப் பார்த்து நிரப்பி, அந்த எண்ணை ரசீதில் எழுதிக்கொடுங்கள். மறுநாள் காலை வாடிக்கையாளர் தானே ஒப்பிட்டுக்கொள்வார்.

கார்ப் பட்டறைத் துறை வாசகர்,
காக்கி புக்கிட்