வீடு ஆகி வரவில்லை என்பவரிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒன்றுமே சரியில்லை" என்று தொடங்கும் வாசகர் கேள்விகள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. வேலை போய்விட்டது, உடம்புக்கு மாற்றி மாற்றி ஏதாவது வருகிறது, பையன் படிப்பில் பின்தங்கிவிட்டான், வீட்டில் தினமும் சண்டை, வீட்டை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். பதில் சொல்பவர் யாரோ அதைப் பொறுத்துப் பதிலும் மாறுகிறது. ஒருவர் பரிகாரம் சொல்கிறார். இன்னொருவர் இதெல்லாம் மூடநம்பிக்கை, மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார். எனக்கு இரண்டு பேர் மேலும் வருத்தம்தான். சரி, என்னென்ன கஷ்டம், எப்போதிலிருந்து, வீட்டில் எந்த அறையில், யார் யாருக்கு என்று யாருமே திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் பாதிப் பேருக்கு விஷயம் அங்கேயே தெளிந்துவிடும், மீதிப் பேரில் சிலருக்கு உயிரே தப்பிக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, கீழே சொல்கிறேன்.

முதலில் குடிவரும் நேரத்தைப் பாருங்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பொழுதுபோகாமல் யாரும் வீடு மாறுவதில்லை. கல்யாணம், குழந்தை, புது வேலை, பழைய வேலை போனது, கடன், பிரிவு, ஒரு சாவு, வயதான பெற்றோரைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டிய நிலை, இப்படி ஏதோ ஒன்று பின்னாலிருந்து தள்ளித்தான் மாறுகிறோம். 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் ஆளை எவ்வளவு அலைக்கழிக்கும் என்று மதிப்பெண் கொடுத்தார்கள். கணவனையோ மனைவியையோ இழப்பதற்கு 100, விவாகரத்துக்கு 73, கல்யாணத்துக்கு 50 (ஆமாம், நல்ல காரியமும் அந்தப் பட்டியலில் உண்டு), வேலை போவதற்கு 47. வீடு மாறுவதற்கு வெறும் 20தான். ஆனால் அந்த 20 தனியாக வருவதே இல்லை, மேலே சொன்ன ஏதாவது ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. இந்த மதிப்பெண்கள் குறுகிய காலத்துக்குள் கூடிக்கொண்டே போனால் உடல்நலமும் கெட வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் சொன்ன சேதி. அப்படியானால் புது வீட்டில் முதல் ஒன்றிரண்டு வருஷம் எல்லாம் கோணலாகப் போவதில் வியக்க ஒன்றுமில்லை. கஷ்டம் வீட்டுச் சாமானோடு சேர்ந்தே வந்து இறங்கியிருக்கிறது, பழி மட்டும் வீட்டின் மேல் விழுகிறது.

"அது சரி, எங்களுக்கு மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக ஏன் வரவேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகத்தானே இருக்கிறார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு நான் சொல்வது ஒரு போர்க்காலக் கணக்கு. 1944இல் ஜெர்மனி லண்டன் மேல் வி-1 என்ற பறக்கும் குண்டுகளை ஏவியபோது, சில பகுதிகளில் மட்டும் குண்டுகள் கொத்துக் கொத்தாக விழுகின்றன, சில பகுதிகள் தப்பித்துவிடுகின்றன என்ற பேச்சு பரவியது. ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கியலாளர் இதைச் சோதித்து 1946இல் ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை எடுத்து, கால் சதுர கிலோமீட்டர் அளவில் 576 கட்டங்களாகப் பிரித்தார். அங்கே விழுந்தவை மொத்தம் 537 குண்டுகள். யாரும் எதையும் குறிவைக்காமல் கண்டபடி விழுந்திருந்தால் ஒரு குண்டுகூட விழாத கட்டங்கள் சுமார் 227 இருக்கவேண்டும், உண்மையில் இருந்தவை 229. ஒரு குண்டு விழுந்த கட்டங்கள் கணக்குப்படி 211, உண்மையிலும் 211. நாலு குண்டு வாங்கியவை கணக்குப்படி ஏழு, உண்மையிலும் ஏழு. ஒரே ஒரு கட்டம் மட்டும் தனியாக 7 குண்டுகளை வாங்கியது.

அந்தக் கட்டத்தில் குடியிருந்தவரிடம் போய் இது தற்செயல் ஐயா என்று சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார். அவர் பக்கம் நின்று பார்த்தால் அந்த இடம் சபிக்கப்பட்ட இடம்தான். ஆனால் மேலே இருந்து மொத்த வரைபடத்தையும் பார்ப்பவருக்கு, எந்தச் சதியும் இல்லாவிட்டாலும் எங்கோ ஒரு கட்டம் அப்படித்தான் இருக்கும் என்று தெரிகிறது. தற்செயல் என்றால் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்துக் கொடுக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது அப்படிச் செய்வதில்லை, கொத்தாகத்தான் கொட்டும். பெரிய ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கும்போது அதில் சில வீடுகளில் ஒரே வருஷத்தில் மூன்று பெரிய கஷ்டம் வந்தே தீரும். வராமல் இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும். இதில் நம் ஞாபகமும் ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் எழுதுகிறது. அதே வீட்டில் நடந்த நல்லதை வீட்டின் கணக்கில் யாரும் வரவு வைப்பதில்லை, அது நம் உழைப்பு அல்லது கடவுள் கிருபை. கால் இடறி விழுந்தது மட்டும் வீட்டின் ராசி.

இதோடு நிறுத்தினால் நானும் அந்த இரண்டு வரிப் பதில்காரர் மாதிரி ஆகிவிடுவேன். சில வீடுகள் உண்மையிலேயே ஆளைக் கெடுக்கும். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் வெளியிட்டார். பழைய, பெரிய வீடு ஒன்றுக்குக் குடிவந்த குடும்பம். வந்த கொஞ்ச நாளில் எல்லோருக்கும் தலைவலி, அசதி. குழந்தைகள் வெளுத்துப்போனார்கள். தொட்டிச் செடிகள் வாடின. இரவில் காலடிச் சத்தம் கேட்டது, யாரோ பின்னால் நிற்பதுபோல் இருந்தது, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. வீட்டில் ஏதோ இருக்கிறது என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுது. புகைபோக்கி வழியாகப் போகவேண்டிய புகை வீட்டுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

இந்த வாயு எங்கேயும் வரும். காற்றுப்போக்கு இல்லாத குளியலறையில் கேஸ் கீசர், மூடிய அறையில் கரி அடுப்பு, ஜன்னலுக்கு அருகில் ஓடும் ஜெனரேட்டர், பறவை கூடு கட்டி அடைத்த புகைபோக்கி, எதுவாக இருந்தாலும் போதும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் இல்லாமல் பலருக்கும் ஒரே மாதிரி தலைவலி, குமட்டல், மயக்கம் வரும், வெளியே போனால் தெளியும், வீட்டுக்குள் வந்தால் திரும்பவும் ஆரம்பிக்கும். "ஊருக்குப் போனால் நன்றாக இருக்கிறேன், இந்த வாசற்படியில் கால் வைத்தால் போதும், தலை சுற்றுகிறது" என்று எழுதும் வாசகர் இதைத்தான் வீட்டின் ராசிக்குச் சாட்சியாகச் சொல்கிறார். மருத்துவர் கண்ணுக்கு அதே வரி அபாய அறிவிப்பு. அவருக்குப் பரிகாரம் சொன்னாலும் ஆபத்து, மனதைத் தேற்றி அனுப்பினாலும் அதே ஆபத்து. முதலில் ஜன்னலைத் திற, அடுப்பையும் கீசரையும் அணை, எல்லோரும் வெளியே வாருங்கள், மருத்துவரைப் பாருங்கள், பழுது பார்த்த பிறகுதான் திரும்பப் பற்றவைக்க வேண்டும் என்று சொல்லவேண்டிய இடம் அது.

மற்றவை இவ்வளவு வேகமாகக் கொல்லாது, மெதுவாக அரிக்கும். சுவரில் ஓதம் ஏறி பூஞ்சை பிடித்த வீட்டில் இருமலும் இழுப்பும் ஓயாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் இதற்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. சில இடங்களில் மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வீட்டுக்குள் ஏறும், நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடிப்பதற்கு அடுத்த காரணமாக அதைச் சொல்கிறார்கள், அளந்து பார்த்தால்தான் தெரியும். இரவு முழுக்க வண்டிச் சத்தம் கேட்கும் அறையில் படுப்பவருக்கு ஆழ்ந்த தூக்கம் இல்லை, தூக்கம் இல்லாதவருக்குப் பொறுமை இல்லை, பொறுமை இல்லாத வீட்டில் சண்டைக்குக் குறைவிருக்காது. ராசி என்று எழுதிய மூன்று புகார்களில் ஒன்றுக்காவது இதில் ஏதோ ஒன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதில் என்ன நஷ்டம்?

"வீட்டை மாற்றினேன், எல்லாம் சரியாகிவிட்டது" என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் கஷ்டம் உச்சத்தில் இருக்கும்போதுதான் வீட்டை மாற்ற முடிவெடுக்கிறார்கள், உச்சத்துக்குப் பிறகு எதுவும் பெரும்பாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அங்கேயே இருந்திருந்தாலும் இறங்கியிருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் குலுக்கல் போட்டு ஆட்களை இடம் மாற்றவேண்டும். யார் அப்படிச் செய்வார்கள் என்று கேட்காதீர்கள், செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994இல் தொடங்கி ஐந்து நகரங்களில் வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த பகுதிகளுக்குப் போக வாடகை உதவி கொடுத்தார்கள். போன பெரியவர்களின் வருமானம் உயரவில்லை, ஆனால் மனநலம் தேறியது, கடுமையான உடல் பருமனும் நீரிழிவும் குறைந்தன. 13 வயதுக்கு முன்பே இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில், மாறாத பிள்ளைகளைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள் என்று 2016இல் ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். பதின்ம வயதில் மாறியவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. ஆக, இருக்கும் இடம் வாழ்க்கையை மாற்றும் என்பது பொய்யில்லை. ஆனால் அங்கே மாறியது வாசல் பார்த்த திசை இல்லை, தெருவின் பாதுகாப்பும் பள்ளியும் சுற்றியிருந்த மனிதர்களும்.

இன்னொரு வகை உண்டு, அதை இளக்காரமாகப் பேசக்கூடாது. ஒருவர் இறந்த அறையில் அவருடைய நாற்காலியைப் பார்த்துக்கொண்டே வாழ்வது சிலருக்கு முடியாது. அவர்கள் மாறட்டும், அதற்கு ராசி என்ற காரணமே தேவையில்லை, "என்னால் இங்கே இருக்க முடியவில்லை" என்பதே போதுமான காரணம். தூக்கம் வராத படுக்கையறையும் இப்படித்தான், பல இரவுகள் விழித்துக் கிடந்தால் அந்தக் கட்டிலே விழிப்போடு ஒட்டிக்கொள்கிறது. 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார்: தூக்கம் வரும்போது மட்டும் படுங்கள், வரவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள், வந்தபிறகு திரும்புங்கள். இன்றும் தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். வீட்டை விற்பதற்கு முன்னால் செய்து பார்க்கலாம் அல்லவா?

அப்புறம், ஒரு வீட்டுக்குப் பெயர் கெட்டுவிட்டால் அந்தப் பெயரே காசாக மாறி ஆளைக் கடிக்கும். ஹாங்காங்கில் கொலையோ தற்கொலையோ நடந்த வீட்டின் விலை சுமார் 20 சதவீதம் விழுகிறது, ஒரு பாவமும் அறியாத அதே மாடி வீடுகளும் சேர்ந்து இறங்குகின்றன. ஜப்பானில் இதற்கு அரசே 2021இல் வழிமுறை கொடுத்தது: இயற்கை மரணத்தைச் சொல்லவேண்டியதில்லை, கொலை, தற்கொலை என்றால் வாடகைக்கு வருபவரிடம் சுமார் மூன்று வருஷம் வரை சொல்லவேண்டும். இது எனக்கு நல்ல ஏற்பாடாகவே படுகிறது, மூன்று வருஷத்துக்குப் பிறகாவது வீட்டுக்கு விடுதலை கிடைக்கிறது. நம்மில் பலர் விடுவதே இல்லை. நான் இப்போது குடியிருக்கும் வீட்டையும் ஆகி வராத வீடு என்று சொல்லித்தான் காட்டினார்கள், வாடகை எனக்குக் கட்டுப்படியானதற்குக் காரணமே அந்தப் பெயர்தான். அந்தப் பேச்சால் எனக்கு லாபம், வீட்டுக்காரருக்கு நஷ்டம்.

இதைவிடக் கொடுமை, வீட்டை மாற்ற வசதி இல்லாதபோது பழி வீட்டை விட்டு ஆள் மேல் தாவுவது. வீடு ராசியில்லை என்ற பேச்சு, யார் வந்த பிறகு இப்படி ஆச்சு என்ற பேச்சாக மாற ஒரு மாலைப்பொழுது போதும். சுவருக்குக் காது இருந்தாலும் மனசு இல்லை, புதிதாக அந்த வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டும் உண்டு.

அதனால் ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். பரிகாரம் சொல்பவரை நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் இருக்கட்டும், படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவருடைய பதிலுக்குப் பக்கத்திலேயே ஒரு மருத்துவருக்கும் ஒரு கட்டடப் பொறியாளருக்கும் நாலு வரி இடம் கொடுங்கள். சுவரில் ஈரம் இருக்கிறதா, எந்த அறையில் படுக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், வீடு மாறிய வருஷத்தில் வேறு என்ன நடந்தது என்று அவர்கள் கேட்கட்டும். பதிலுக்கு வாசகர் திரும்ப எழுதட்டும், அவசரமில்லை. வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்று யாராவது எழுதியிருந்தால் மட்டும் அடுத்த இதழ் வரை வைத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவருக்குப் போன் போட்டு, வெந்நீர் எதில் போடுகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்